முன்வாசலும் பின்கட்டும்: ஓட்டல் தொழிலாளர் பாதுகாப்பின் வரலாறு

கூட்டம் முடிந்து இரவு ஒன்பது மணிக்கு மேல் ஓர் ஓட்டலுக்குள் நுழைகிறோம். ஆறு பேர், ஒரு மேசை. சப்ளையர் வந்து என்ன வேண்டும் என்று கேட்கிறார். சாப்பிட்டு முடித்ததும் இன்னொருவர் பிளாஸ்டிக் வாளியோடு வந்து எச்சில் தட்டுகளை அள்ளிப் போட்டுக்கொண்டு, ஈரத்துணியால் மேசையைத் துடைக்கிறார். அவரிடம் யாரும் பேசுவதில்லை. வாளி உள்ளே போகிறது. உள்ளே அதை வாங்கிக் கழுவுகிறவரை நாம் பார்ப்பதே இல்லை. அவர் நிற்கும் இடத்துக்குப் பின்னால், சிமெண்ட் பலகை போட்டு மூடிய கழிவுத் தொட்டி இருக்கிறது. அது நிரம்பினால் யாரைக் கூப்பிடுவார்கள் என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு வரும் மாணவர் ஒருவர் கல்லூரி முடிந்ததும் இரவில் ஓர் ஓட்டலில் பரிமாறும் வேலை பார்க்கிறார். ஒருநாள் சட்டைக் கையை மடித்துவிட்டு முழங்கைக்குக் கீழே நீண்டிருந்த தழும்பைக் காட்டினார். சாம்பார் வாளி சரிந்து கொட்டியது. "வைத்தியச் செலவு கொடுத்தாங்களா?" என்று கேட்டோம். "வராத நாலு நாளுக்குச் சம்பளத்தைப் பிடிச்சாங்க தோழர்" என்றார். அதற்கு ஏதாவது சட்டம் இருக்கிறதா என்று அவர் கேட்டபோது எங்களில் யாராலும் உடனே பதில் சொல்ல முடியவில்லை. தீண்டாமைச் சட்டத்தின் பிரிவுகளை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள்தான் நாங்கள். ஓட்டலுக்குள் நுழைய நமக்கு உரிமை தந்த சட்டத்தைப் படித்திருந்தோம். ஓட்டலுக்குள் வேலை செய்பவரைக் காக்கும் சட்டத்தைப் படித்ததில்லை.

அதன் பிறகு தேடிப் படித்ததன் சுருக்கம்தான் இந்தக் கட்டுரை. படித்ததில் ஒன்று தெளிவானது. ஓட்டலின் முன்வாசலைத் திறக்கும் சட்டமும் அதன் பின்கட்டைப் பாதுகாக்கும் சட்டமும் தனித்தனிப் பாதையில் வந்தன. முதலாவது நம் முன்னோர் போராடிப் பெற்றது. இரண்டாவது இன்னும் பாதி வழியில் நிற்கிறது.

பலகைக்கு வெளியே

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்து ஊர்களில் காப்பி கிளப்புகளும் சாப்பாட்டுக் கடைகளும் பெருகின. பயணம், நீதிமன்றம், பள்ளி, அலுவலகம் என்று வீட்டை விட்டு வெளியே வந்தவர்களுக்கு வெளியே சாப்பாடு தேவைப்பட்டது. ஆனால் யார் சமைத்தது, யார் தொட்டது, பக்கத்தில் யார் உட்கார்ந்திருப்பது என்ற பயமும் அவர்களோடு வந்தது. அந்தப் பயத்தைப் போக்கும் விளம்பரமாகத்தான் 'பிராமணாள்' என்ற சொல் பலகையில் ஏறியது. ஒரே ஓட்டலுக்குள் சாதிக்கு ஓர் இடம் பிரித்தார்கள். பஞ்சமர் என்று அன்று அழைக்கப்பட்ட நம் மக்களுக்குப் பெரும்பாலான இடங்களில் உள்ளே நுழையவே வழியில்லை. காசு கொடுத்தாலும் வெளியே நின்றுதான் வாங்க வேண்டும்.

இதை எதிர்த்த குரல்கள் சட்டமன்றத்திலும் தெருவிலும் எழுந்தன. பொதுப் பாதைகளிலும் கிணறுகளிலும் நம் உரிமைக்காக ரெட்டைமலை சீனிவாசன் 1920களில் சட்டமன்றத்தில் வாதாடினார். எம்.சி. ராஜா முன்னெடுத்த சட்டம் 1938இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. சமூக இயலாமைகளை நீக்குவதற்கான சட்டம் என்பது அதன் பெயர்.

1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில் இந்தக் கேள்வி நாடு முழுவதற்குமான கேள்வியாக வந்தது. கடைகள், பொது உணவகங்கள், ஓட்டல்களில் நுழையச் சாதியைக் காட்டி யாரையும் தடுக்கக் கூடாது என்ற பிரிவு விவாதிக்கப்பட்டது. 'கடை' என்ற சொல் எதுவரை செல்லும் என்று உறுப்பினர்கள் கேட்டார்கள். அதை விரிந்த பொருளில் எடுத்துக்கொள்ள வேண்டும், சேவை தருகிற எல்லா இடமும் அதில் அடங்கும் என்று அம்பேத்கர் விளக்கினார். அதே நாளில்தான் தீண்டாமையை ஒழிக்கும் பிரிவும் ஏற்கப்பட்டது. இன்றைய அரசமைப்பில் அவை 15(2), 17 ஆகிய பிரிவுகள். பிறகு 1955இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்தது. உணவகத்துக்குள் விடாமல் தடுப்பது மட்டுமின்றி, அங்கே பொதுவுக்கு வைத்திருக்கும் பாத்திரத்தைத் தரமறுப்பதும் குற்றம் என்று அது சொன்னது.

பாத்திரத்தைச் சட்டத்தில் தனியாகக் குறிப்பிட வேண்டிய தேவை ஏன் வந்தது என்பதை இரட்டைக் குவளையைப் பார்த்து வளர்ந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தேநீர்க் கடையில் நமக்குத் தனிக் குவளை இருந்தது. குடித்து முடித்ததும் அதை நாமே கழுவி ஓரமாகக் கவிழ்த்துவிட்டு வர வேண்டும். மற்றவர்களின் குவளையைக் கடைக்காரர் கழுவுவார். கழுவுவது யார் வேலை என்ற கேள்வி அந்தக் குவளையோடு நிற்கவில்லை. ஓட்டலின் பின்கட்டிலும் அதே கேள்விதான்.

1958: இரண்டு நிகழ்வுகள்

1957இல் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே என்ற ஓட்டலின் முன்னால் பெரியார் தலைமையில் திராவிடர் கழகத்தார் மறியலைத் தொடங்கினார்கள். பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்க வேண்டும் என்பது கோரிக்கை. மறியல் மாதக்கணக்கில் நடந்தது. நாள்தோறும் தொண்டர்கள் வந்து கைதானார்கள். 1958இல் அந்தச் சொல் பலகையிலிருந்து இறங்கியது. சாதிப்பெயர் ஒரு வியாபாரச் சரக்காக வெளிப்படையாகத் தொங்கியதற்கு எதிரான பெரிய வெற்றி அது.

அதே 1958இல் சென்னை மாநிலச் சட்டமன்றம் இன்னொரு வேலையும் செய்தது. சென்னை உணவு நிறுவனங்கள் சட்டம் என்ற பெயரில், ஓட்டல், உணவகத் தொழிலாளருக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. ஓட்டலைப் பதிவு செய்ய வேண்டும். வேலை நேரத்துக்கு வரம்பு உண்டு. வாரம் ஒருநாள் விடுமுறை தர வேண்டும். கண்காணிக்க ஆய்வாளர் உண்டு. அதற்கு முன்பு 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் உணவகமும் ஒன்றாக அடங்கியிருந்தது. ஓட்டல் வேலை மற்றக் கடை வேலையைப் போன்றதில்லை, அதற்குத் தனி ஒழுங்கு வேண்டும் என்று அரசு ஒப்புக்கொண்டது இந்தச் சட்டத்தின் மூலம்தான்.

ஒன்று தெருவில் நடந்தது, வரலாற்றில் இடம் பிடித்தது. மற்றொன்று சட்டப் புத்தகத்தில் நடந்தது, மறக்கப்பட்டது. பலகையில் சொல் மாறிய ஓட்டலின் அடுப்படியில் யார் நின்றார்கள், கழுவும் இடத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்பதை இரண்டுமே கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறியல் முன்வாசலிலிருந்து பின்கட்டுக்கு நகர்ந்திருக்கும்.

அடுப்படியிலிருந்து கழிவுத் தொட்டி வரை

சாதி என்பது வேலையைப் பிரிப்பதோடு நிற்பதில்லை, வேலை செய்பவர்களையே மேல் கீழாக அடுக்குகிறது என்பதை 'சாதியை அழித்தொழித்தல்' உரையில் அம்பேத்கர் 1936லேயே காட்டினார். அந்த அடுக்கை ஒரே கட்டடத்துக்குள் பார்க்க வேண்டுமானால் ஓட்டலைப் பாருங்கள். கல்லாவில் முதலாளி அல்லது அவருடைய உறவினர். அடுப்பில் சரக்கு மாஸ்டர். கூடத்தில் சப்ளையர். அவருக்குக் கீழே மேசை துடைப்பவர். அவருக்கும் கீழே பாத்திரம் கழுவுபவர். எல்லோருக்கும் கீழே, சம்பளப் பட்டியலிலேயே இல்லாமல், கழிவுத் தொட்டிக்கு எப்போதாவது அழைக்கப்படுபவர். எல்லா ஓட்டலிலும் இந்த வரிசை சாதிப்படி இம்மி பிசகாமல் அமைந்திருக்கிறது என்று நாங்கள் சொல்லவில்லை. நகரங்களில் இது நிறையக் கலைந்திருக்கிறது. இன்று ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்கள் பல படிகளில் நிற்கிறார்கள். ஆனால் யார் சமைக்கலாம் என்ற கேள்விக்கு இன்னும் சாதி பதில் சொல்கிறது. 2018இல் திருப்பூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளிக்குச் சத்துணவு சமைக்க வந்த அருந்ததியர் பெண்ணைச் சமைக்க விடாமல் தடுத்தார்கள். அரசுப் பள்ளியிலேயே இப்படியென்றால் தனியார் அடுப்படியைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை.

இந்த அடுக்கைப் பாதுகாப்பின் கண்ணோடு பாருங்கள். ஒவ்வொரு படிக்கும் ஓர் ஆபத்து இருக்கிறது. மாஸ்டருக்குக் கொதி எண்ணெயும் அடுப்பு அனலும். சப்ளையருக்கு ஈரத் தரையில் கொதிக்கும் வாளியோடு ஓட்டமும், நாள் முழுக்க நிற்பதால் காலில் புடைக்கும் நரம்புச் சுருட்டலும். மாவாட்டுபவருக்குக் கிரைண்டரில் சிக்கும் விரலும் லுங்கி முனையும். கழுவுபவருக்கு எந்நேரமும் தண்ணீரிலும் சோப்பிலும் ஊறிய கை, விரலிடுக்கில் சேற்றுப்புண். கீழே இறங்க இறங்கச் சம்பளம் குறைகிறது, கையுறையும் செருப்பும் கிடைப்பதும் குறைகிறது. தொட்டிக்குள் இறங்குபவருக்கு எதுவுமே இல்லை.

காலை டிபனுக்கு ஐந்து மணிக்கு எழுந்து, மதியச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் மாடியில் படுத்து, மறுபடி இரவு டிபனுக்கு இறங்கிப் பதினொரு மணிக்கு மேல் கடை கழுவிவிட்டுப் படுக்கிறவருக்கு நடுவில் கிடைத்த ஓய்வையும் கழித்துக் கணக்குப் போட்டு 'எட்டு மணி நேரம்தானே' என்பார்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் அவர் எங்கும் போக முடியாது. தூங்கும் இடமும் ஓட்டலின் மாடியே. தூக்கம் குறைந்த கையில்தான் வாளி சரிகிறது, கத்தி நழுவுகிறது. வேலை நேரச் சட்டமும் பாதுகாப்புச் சட்டம்தான் என்பதை இந்த இடத்தில் புரிந்துகொள்ள வேண்டும்.

1976: இருபத்து நான்கு நாள் இடைவெளி

நாடு முழுவதும் தொழிலாளர் பாதுகாப்புக்கு முதுகெலும்பாக இருந்தது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். அதற்கு முன் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அம்பேத்கர் கொண்டுவந்த திருத்தம்தான் 1946இல் தொழிற்சாலை வேலையை வாரத்துக்கு 48 மணி நேரமாகக் குறைத்தது. 1948 சட்டம் அந்த வழியில் இன்னும் விரிந்தது. சுழலும் எந்திரத்துக்குத் தடுப்புவேலி, முதலுதவிப் பெட்டி, நின்றே வேலை செய்பவருக்கு இடையில் உட்கார வசதி, 250 பேருக்கு மேல் வேலை செய்தால் கேன்டீன் என்று வரிசையாகக் கடமைகளை முதலாளி மேல் வைத்தது.

மின்சாரத்தைப் பயன்படுத்தி 10 பேருக்குக் குறையாமல் ஒரு பொருளைத் தயாரித்தால் அந்தச் சட்டப்படி அது தொழிற்சாலையாக இருந்தது. அப்படியானால் கிரைண்டரும் குளிர்பதனப் பெட்டியும் ஓடுகிற, இருபது பேர் வேலை செய்கிற ஓட்டல் அடுப்படியும் தொழிற்சாலைதானே? அப்படி வாதிட அந்த வரையறையில் இடம் இருந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், அந்த இடம் அடைக்கப்பட்டது. தொழிற்சாலை என்பதில் ஓட்டலோ உணவகமோ சாப்பாட்டுக் கூடமோ அடங்காது என்று சில சொற்களைச் சேர்த்துத் திருத்தினார்கள். 1976 அக்டோபர் 26 அன்று அது நடைமுறைக்கு வந்தது.

சரியாக 24 நாள் கழித்து, நவம்பர் 19 அன்று, இன்னொரு திருத்தம் நடைமுறைக்கு வந்தது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் கடுமையாக்கப்பட்டுக் குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. உணவகத்தில் நுழையும் உரிமை அதில் வலுப்பட்டது. தீண்டாமையைக் காட்டி வேலை மறுப்பதும் குற்றமாயிற்று. தீண்டாமையின் பெயரால் ஒருவரைத் துப்புரவு வேலை செய்யக் கட்டாயப்படுத்துவதும் தனிக் குற்றமாயிற்று.

ஒரே ஆண்டில், ஒரே நாடாளுமன்றத்தில், ஒரு மாத இடைவெளிக்குள் இரண்டும் நடந்தன. ஒரு சட்டம் நம்மை ஓட்டலுக்குள் சாப்பிட அழைத்துப்போனது. இன்னொரு சட்டம் ஓட்டலுக்குள் வேலை செய்பவரைத் தொழிற்சாலைப் பாதுகாப்பிலிருந்து வெளியே நிறுத்தியது. யாரோ திட்டமிட்டு இவற்றைச் சேர்த்துச் செய்தார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க யாரும் இல்லை என்பதுதான் எங்கள் வருத்தம்.

விளைவு வேடிக்கையானது. ஒரு பெரிய ஆலைக்குள் கேன்டீனில் சாம்பார் காய்ச்சுகிறவர் தொழிற்சாலைச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வருவார். ஆலை வாசலுக்கு எதிரே அதே சாம்பாரை அதே அளவு அண்டாவில் காய்ச்சுகிறவர் வரமாட்டார். தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ. விஷயத்தில் மட்டும், ஓட்டல் சமையலும் உற்பத்திதான் என்று 1993இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. நோய்வாய்ப்பட்ட பிறகு மருத்துவம் பார்க்க அவர் தொழிலாளி. விபத்து நடக்காமல் தடுக்கும் சட்டத்தின் முன் அவர் தொழிலாளி இல்லை.

எச்சில் தட்டு எடுத்த சிறுவர்கள்

இன்று நாற்பது வயதைக் கடந்தவர்களைக் கேளுங்கள். மேசை துடைக்கும் சிறுவன் இல்லாத ஓட்டலை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் ஆபத்தான வேலைகளின் பட்டியல் ஒன்றை வைத்திருந்தது. பட்டாசு, தீப்பெட்டி எல்லாம் அதில் இருந்தன. ஓட்டல் வேலை ஆபத்தானது என்று ஒப்புக்கொள்ள இருபது ஆண்டு ஆனது. 2006 அக்டோபர் 10 முதல்தான் ஓட்டல், தேநீர்க் கடை, வீட்டு வேலைகளில் 14 வயதுக்குக் கீழான குழந்தைகளை வைப்பது தடை செய்யப்பட்டது. 2016 திருத்தம் அந்த வயதுக்குக் கீழே, குடும்பத்துக்கு உதவுவது போன்ற சில விலக்குகள் தவிர, எந்த வேலையிலும் வைக்கக் கூடாது என்றது. பள்ளியை விட்டு நிறுத்தப்பட்டு அந்த மேசைகளுக்கு வந்த பிள்ளைகளில் எத்தனை பேர் நம் சேரிகளிலிருந்து போனார்கள் என்பதை நம் வீடுகளில் பெரியவர்களைக் கேட்டாலே தெரியும்.

தொட்டிக்குள்

ஓட்டல் பாதுகாப்பில் உயிர் போகும் இடம் இதுதான். இதை விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஓட்டலின் கழிவுத் தொட்டி வீட்டுத் தொட்டியைப் போன்றதில்லை. கழிப்பறைக் கழிவோடு எண்ணெய்ப் பிசுக்கும் சோற்றுக் கஞ்சியும் உணவு மிச்சமும் பல இடங்களில் அதில் சேர்கின்றன. காற்றுப் புகாத இருட்டில் அவை அழுகும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடும் மீத்தேனும் உருவாகின்றன. ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு சுமார் 100 பிபிஎம்மைத் தாண்டினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "நாற்றம் போயிடுச்சு, இறங்கலாம்" என்று நினைக்கும் நேரம்தான் கொல்லும் நேரம். இன்னும் கூடினால் சில மூச்சிலேயே மயக்கம் வரும். முகத்தில் துண்டு கட்டுவதால் எந்தப் பயனும் இல்லை. முதலில் இறங்கியவர் விழுந்ததும் மேலே நிற்பவர் அவரைத் தூக்க இறங்குகிறார், அவரும் விழுகிறார். ஒரே தொட்டியில் இரண்டு, மூன்று பேர் சாவது இப்படித்தான்.

2019 ஜூனில் குஜராத்தின் வதோதரா மாவட்டத்தில் டபோய் அருகே ஓர் ஓட்டலின் கழிவுத் தொட்டியில் ஏழு பேர் இறந்தார்கள். நான்கு பேர் சுத்தம் செய்ய அழைக்கப்பட்ட தொழிலாளர்கள். மூன்று பேர் அந்த ஓட்டலின் ஊழியர்கள். 2022 அக்டோபரில் நம் மாநிலத்தில் திருப்பெரும்புதூர் அருகே ஒரு தனியார் சொகுசு விடுதியின் கழிவுத் தொட்டியில் மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். 1993 முதல் பதிவான சாக்கடை, கழிவுத் தொட்டி மரணங்களில் மாநிலங்களுக்குள் தமிழ்நாடு முதலிடத்தில் இருப்பதை ஒன்றிய அரசின் கணக்கே காட்டியிருக்கிறது. பெரியார் மண் என்று நெஞ்சு நிமிர்த்தும்போதெல்லாம் இந்தக் கணக்கையும் நினைவில் வைக்க வேண்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1993இல் ஒரு சட்டம் உலர் கழிப்பிடத்தையும் மலம் அள்ளும் வேலையையும் தடை செய்தது. சாக்கடை, கழிவுத் தொட்டி வேலையை நேரடியாகப் பிடித்தது 2013ஆம் ஆண்டின் சட்டம். அதன் 7ஆம் பிரிவை ஒவ்வொரு மாணவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். எந்த நபரும், எந்த உள்ளாட்சியும், எந்த நிறுவனமும், நேரடியாகவோ மறைமுகமாகவோ, ஆபத்தான முறையில் சாக்கடையையோ கழிவுத் தொட்டியையோ சுத்தம் செய்ய ஆளை அமர்த்தக் கூடாது. 'மறைமுகமாக' என்ற சொல்லைக் கவனியுங்கள். "நான் லாரிக்காரரிடம் சொன்னேன், அவர் ஆளை இறக்கினார்" என்று ஓட்டல்காரர் தப்பிக்க முடியாது. முதல் முறை மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மீறினால் ஐந்து ஆண்டு, ஐந்து லட்சம் வரை போகும். பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ மலம் அள்ளும் வேலையில் ஈடுபடுத்துவது 2015 திருத்தத்துக்குப் பிறகு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழும் குற்றம்.

2014 மார்ச் 27 அன்று சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் வழக்கில், 1993 முதல் இப்படி இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023 அக்டோபர் 20 அன்று பல்ராம் சிங் வழக்கில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. நிரந்தர ஊனத்துக்குக் குறைந்தது 20 லட்சம். இந்தத் தொகைகள் கருணைத் தொகைகள் இல்லை, உரிமை. ஆனாலும் இறப்பு நடந்த அன்று இரவே சில லட்சங்களைக் கையில் திணித்துக் கையெழுத்து வாங்கும் வேலை நடக்கிறது. அந்த இரவில் குடும்பத்தின் பக்கத்தில் சட்டம் தெரிந்த ஒருவர் இருந்தால் கதை மாறும்.

ஒரு நாற்காலிக்கான போராட்டம்

கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் துணிக்கடைகளில் வேலை செய்த பெண்கள் கழிப்பறை இல்லாததால் தண்ணீர் குடிக்காமல் நாள் முழுக்க நின்றார்கள். தையல் தொழிலாளியான விஜி அவர்களைத் திரட்டிப் 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கினார். கழிப்பறையில் தொடங்கிய கோரிக்கை நாற்காலிக்கு வளர்ந்தது. 2018இல் கேரளம் தன் கடைகள் சட்டத்தைத் திருத்தி உட்காரும் உரிமையை எழுதியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றமும் 1947 சட்டத்தில் 22-அ என்ற பிரிவைச் சேர்த்தது. எல்லா ஊழியருக்கும் பொருத்தமான இருக்கை வைக்க வேண்டும், வேலைக்கிடையில் வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார வேண்டும் என்பது அதன் சாரம்.

அன்று செய்திகளில் துணிக்கடையும் நகைக்கடையும் வந்தன. சப்ளையரை யாரும் படம் எடுக்கவில்லை. அடுத்த முறை சாப்பிடப் போகும்போது பாருங்கள். வாடிக்கையாளருக்கு நூறு நாற்காலி போட்ட கூடத்தில், பரிமாறுகிறவருக்கென்று ஒரு முக்காலியாவது இருக்கிறதா? கூட்டம் இல்லாத மூன்று மணிக்கும் அவர் தூணில் சாய்ந்து நிற்கிறார். நாம் சமமாக உட்கார்ந்து சாப்பிட முன்னோர் போராடிய அதே கூடத்தில், நமக்குப் பரிமாறுகிறவருக்கு உட்கார அனுமதி இல்லை.

புதிய சட்டத்தொகுப்பு

2019இலும் 2020இலும் நாடாளுமன்றம் நிறைவேற்றிய நான்கு தொழிலாளர் சட்டத்தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்ததாக ஒன்றிய அரசு அறிவித்தது. தொழிற்சாலைகள் சட்டம் அவற்றில் ஒன்றான பணிப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் கரைந்தது. தொழிற்சாலை என்பதில் ஓட்டலும் உணவகமும் அடங்காது என்ற 1976ஆம் ஆண்டின் சொற்கள் இந்தத் தொகுப்பிலும் அப்படியே இருக்கின்றன. ஆனால் 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற எந்த நிறுவனத்துக்கும் பொதுவான கடமைகள் உண்டு என்று தொகுப்பு சொல்கிறது. ஆபத்தில்லாத பணியிடம், பணி நியமனக் கடிதம், குறிப்பிட்ட வயதைக் கடந்தவர்களுக்கு இலவச ஆண்டு மருத்துவப் பரிசோதனை ஆகியவை அவற்றில் சில. ஓட்டல் இந்த வழியாக உள்ளே வருகிறது. தொழிற்சங்கங்கள் இந்தத் தொகுப்புகளை வேறு பல காரணங்களுக்காக எதிர்க்கின்றன, அந்த எதிர்ப்பில் நாங்களும் நிற்கிறோம். நமக்கு இங்கே முக்கியம் அந்தப் பத்து என்ற எண். நெடுஞ்சாலை ஓரத்து பரோட்டாக் கடையில் எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். தேநீர்க் கடையில் நான்கு பேர். அங்கே கொதிக்கிற எண்ணெய்க்கு ஆள் கணக்குத் தெரியாது.

என்ன கேட்க வேண்டும்?

முழங்கைத் தழும்பைக் காட்டிய அந்த மாணவருக்கு இப்போது நாங்கள் பதில் சொல்ல முடிகிறது. அவர் வேலை செய்யும் ஓட்டலில் 10 பேருக்குக் குறையாமல் இருக்கிறார்கள். அவருடைய சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்குள். எனவே இ.எஸ்.ஐ. அவருக்கு உண்டு. தொழிலாளி பங்கு சம்பளத்தில் 0.75 விழுக்காடு, முதலாளி பங்கு 3.25 விழுக்காடு. வேலையில் ஏற்பட்ட காயத்துக்கு மருத்துவமும் வேலைக்கு வர முடியாத நாட்களுக்கு உதவித்தொகையும் அதில் கிடைக்கும். முதலாளி பதிவு செய்யாமல் விட்டதால் தொழிலாளியின் உரிமை போய்விடாது. பயனைத் தந்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்க இ.எஸ்.ஐ. கழகத்துக்கு அதிகாரம் உண்டு.

ஓட்டல் நடத்துகிறவர்களிடம் கேட்க வேண்டியவை பெரிய செலவு பிடிக்கும் விஷயங்கள் இல்லை. வழுக்காத தரை, வழுக்காத செருப்பு. கழுவுபவருக்குக் கையுறை. கிரைண்டருக்குத் தடுப்பும் கை எட்டும் தூரத்தில் நிறுத்தும் சுவிட்சும். எரிவாயு சிலிண்டர் அடுப்படிக்கு வெளியே. இரவில் மாடியில் ஆள் தூங்கும்போது பூட்டப்படாத ஒரு வெளிவழி. முதலுதவிப் பெட்டி. உட்கார இடம். பெண்களுக்குக் கழிப்பறையும் உடை மாற்றும் அறையும். 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் 2013ஆம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு. கழிவுத் தொட்டிக்கு எந்திர வண்டி மட்டும், எந்தக் காரணம் சொன்னாலும் ஆள் இறங்கக் கூடாது.

நம் இயக்கங்களின் பட்டியலில் இது ஏன் இத்தனை நாள் இல்லை என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். இரட்டைக் குவளையை நாம் தேடித் தேடி எண்ணினோம், புகார் கொடுத்தோம், உடைத்தோம். அது சரியான போராட்டம், இன்னும் முடியவும் இல்லை. ஆனால் அந்தக் குவளையைக் கழுவிய கையை நாம் எண்ணவில்லை. தொழிற்சங்கங்கள் அந்தக் கையை எண்ணின, ஆனால் அது எந்தச் சாதியின் கை என்று கேட்கத் தயங்கின. இரண்டு பேரும் விட்ட இடத்தில்தான் பின்கட்டு இருக்கிறது.

எனவே எங்கள் வட்டம் ஒரு சிறிய வேலையை எடுத்திருக்கிறது. உங்கள் ஊரிலும் செய்யலாம். கல்லூரியைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் ஓட்டல்களைப் பட்டியல் இடுங்கள். அங்கே வேலை செய்கிறவர்களிடம் பேசுங்கள். எத்தனை மணி நேரம், வார விடுமுறை உண்டா, இ.எஸ்.ஐ. எண் இருக்கிறதா, கழிவுத் தொட்டிக்கு யார் வருகிறார் என்று கேளுங்கள். அவர்கள் பெயரை எங்கும் எழுதாதீர்கள், வேலை போய்விடும். திரட்டியதைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுவாகக் கொடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், அந்தப் பகுதி ஓட்டல்களில் கடைசியாக ஆய்வு நடந்த தேதியைக் கேளுங்கள்.

அடுத்த கூட்டம் முடிந்து சாப்பிடப் போகும்போது, வாளியோடு வருகிறவரிடம் முதலில் அவர் பெயரைக் கேட்போம். அங்கிருந்து தொடங்கலாம் தோழர்களே.